ஒரே கையில் பத்தொன்பது கையெழுத்து

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதக் கடைசியில், பாடாலூரிலிருந்து உள்ளே பிரிந்து போகிற சாலையில் ஒரு கிராமத்தில் நடந்தது இது. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அந்த ஊர்ப் பெண்கள் இதைத் தேடிப் படித்துவிடுவார்கள். அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று நினைத்து ஒருமுறை மாட்டிக்கொண்டதே எனக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும்.

நான் அரியலூர்க்காரன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒழுங்காக அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தவனைப் பிடித்து, பெரம்பலூர்ப் பக்கம் வயது வந்தோர் எழுத்தறிவு மையங்களைப் பார்வையிடும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் கிளம்பிய அன்று என் வகுப்புப் பிள்ளைகள் அழுதார்களாம். யார் சொன்னது என்று கேட்காதீர்கள், நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேலை இதுதான். மாலையில் பள்ளிக்கூடம் விட்டபின், அந்த இடத்திலேயே ஊரிலுள்ள பெரியவர்கள் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொள்வார்கள். அந்த ஊரிலேயே கொஞ்சம் படித்த ஒருவர் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுப்பார். நான் மாதம் ஒருமுறை போய், மையம் தரமாக நடக்கிறதா என்று பார்த்து, நான்கு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பி மேலே அனுப்ப வேண்டும். வெளிச்சம் போதுமா, கரும்பலகை எல்லோருக்கும் தெரிகிறதா என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கும். கற்போரின் ஆர்வம் என்று ஒரு கட்டம். அதற்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போட வேண்டும். ஆர்வத்தை எதை வைத்து அளப்பது என்று பயிற்சி வகுப்பில் கேட்டேன். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்கள். என் மனைவி இருபது வருடமாக என் முகத்தைப் பார்க்கிறாள். எனக்குப் பசிக்கிறதா தூக்கம் வருகிறதா என்பதையே அவள் இன்னும் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறாள்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் 'பார்வையாளர் குறிப்பு' என்று ஒரு பெரிய கட்டம் இருக்கும். அந்த வெற்றிடத்தைப் பார்த்தாலே எனக்குள் ஒரு நீதிபதி எழுந்து உட்கார்ந்துவிடுவார். இத்தனைக்கும் என் எழுத்து எனக்கே விளங்காத எழுத்து. மளிகைச் சீட்டை நானே எழுதி, கடையில் நின்று படிக்க முடியாமல், கடைக்காரரிடம் நீட்டி, அவர் என்னவென்று நினைத்தாரோ அதை வாங்கிக்கொண்டு வந்தவன் நான். வீட்டில் இரண்டு கிலோ கசகசா வெகுநாள் கிடந்தது.

அப்படிப்பட்ட நான் அந்த ஊர் மையத்துக்கு முதல் தடவையாகப் போனேன். சின்ன வெங்காயம் விளைகிற ஊர். சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். பள்ளிக்கூடத்து வராந்தாவில் பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்கும் பெண் எழுந்து வணக்கம் சொன்னாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கீழப்பழுவூர்ப் பக்கத்திலிருந்து அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் இடது கையால் பலகையில் எழுதிக்கொண்டிருந்ததை என் கண் பார்த்தது. மண்டை வரைக்கும் போய்ச் சேரவில்லை.

போன இடத்திலெல்லாம் நான்கு வார்த்தை பேசுவது என் வழக்கம். அன்றும் ஆரம்பித்தேன். இரண்டாவது நிமிடத்திலேயே பின் வரிசையில் ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அடுத்து இன்னொருவர். நான் நெகிழ்ந்துபோனேன். இருபது வருட வாத்தியார் வேலையில் என் பேச்சைக் கேட்டுக் கொட்டாவி விட்டவர்கள் உண்டு, ஜன்னல் வழியே ஓடிப்போனவர்கள் உண்டு, அழுதவர்கள் இல்லை. குரலைக் கொஞ்சம் தழுதழுக்க விட்டேன். எழுதப் படிக்கத் தெரியாமல் என் அம்மா பட்ட பாட்டைச் சொன்னேன். என் அம்மா அந்தக் காலத்திலேயே எட்டாவது படித்தவர். இன்றைக்கும் நான் எழுதுவதில் தப்புக் கண்டுபிடிப்பவர். இருந்தாலும் வராந்தா முழுக்கக் கண்ணீர் ஓடும்போது உண்மை கொஞ்சம் விலகி வழிவிட வேண்டியதுதானே.

பின் வரிசையில் முதலில் கண்ணைத் துடைத்த அம்மாதான் வாயைத் திறந்தார்.

"சாரு, நீங்க நல்லாத்தான் பேசுறீங்க, பேசுங்க. ஆனா நாங்க அழுவறோம்னு நெனச்சு நீங்களும் அழுதுடாதீங்க. இங்க வெங்காயம் ஆயுறோம்."

அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொருவர் மடியோரத்திலும் ஒரு சாக்கு. கை பாட்டுக்கு வெங்காயத்தின் தாளையும் வேரையும் நறுக்கிக்கொண்டிருந்தது. வராந்தாவே குலுங்கிச் சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அத்தை, சும்மா இருங்க" என்றாள். அந்த அம்மா அவளுடைய மாமியார் என்பது எனக்கு அந்த 'அத்தை'யில்தான் தெரிந்தது. மருமகளிடம் மாமியார் அ, ஆ படிக்கிற வகுப்பு அது.

டீச்சர் விளக்கம் சொன்னாள். அறுவடை சமயம், காலையில் வண்டி வந்துவிடும், அதற்குள் ஆய்ந்து கொடுத்தாக வேண்டும். வேலை இருக்கிறது என்று யாரும் வகுப்புக்கு வராமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, சாக்கோடு வரச் சொல்லியிருக்கிறாள். அவள் சத்தமாகப் படிக்கும்போது கை வேலை பார்க்கும், காது பாடம் கேட்கும். அப்புறம் எல்லோரும் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து எழுதுவார்கள்.

இப்போது யோசித்தால், நான் பார்த்த மையங்களிலேயே இவ்வளவு மூளையோடு நடந்த மையம் வேறில்லை. ஆனால் என் காதில் அந்தச் சிரிப்பு இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆர்வத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டேன்.

டீச்சர் வீட்டிலிருந்து டீ வந்தது. குடித்துக்கொண்டே வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அங்கேதான் எனக்குள் இருந்த துப்பறிவாளர் விழித்துக்கொண்டார். பத்தொன்பது பேர். பத்தொன்பது கையெழுத்தும் ஒரே அச்சு. எல்லா எழுத்தும் காற்றில் சாய்ந்த சோளத்தட்டை மாதிரி இடது பக்கம் சாய்ந்திருந்தன. எல்லாப் பெயருக்கும் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. பக்கம் பக்கமாக அப்படியே.

சரிதான், வருகையெல்லாம் இவளே போட்டுக்கொள்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவளிடம் கேட்டேனா? இல்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பதிவேட்டைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். "நல்லா நடத்துறீங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அரை மணி நேரம் உட்கார்ந்து, இரண்டாவது டீயும் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து அந்தக் கட்டத்தில் எழுதினேன். கையொப்பங்கள் யாவும் ஒரே நபரால் இடப்பட்டுள்ளன, வருகை போலி, மையத்தை நிறுத்திவிட்டுக் கற்போரை அருகிலுள்ள மையத்தில் சேர்க்கலாம். நான்கே வரி. பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். மற்றதையெல்லாம் என் வழக்கமான எழுத்தில்தான் எழுதியிருந்தேன். 'போலி' என்ற சொல் மட்டும் எப்படியோ முத்து முத்தாக விழுந்திருந்தது.

என் அறிக்கைகள் பொதுவாக மேலே போய்ப் படுத்துத் தூங்கிவிடும். இது மட்டும் எழுந்து ஓடியது. மூன்றாம் நாளே உத்தரவு வந்துவிட்டது. அந்த மையம் மூடப்படும், கற்போர் நெடுஞ்சாலைக்கு எதிர்ப்பக்கம் உள்ள மையத்துக்குப் போக வேண்டும். கூடவே, எல்லா மையத்து ஆசிரியர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில், மைய எண்ணைப் போட்டு, 'போலிக் கையொப்பம் கண்டறியப்பட்டது, மற்றவர்களுக்கு இது எச்சரிக்கை' என்று ஒரு செய்தி. எனக்குத் தனியாக மேலதிகாரியிடமிருந்து 'நல்ல கவனிப்பு' என்று பாராட்டு. அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன். எதற்கு என்று மனைவி கேட்டதற்கு, ஊழலை ஒழித்தேன் என்று சொன்னதாக ஞாபகம்.

திங்கட்கிழமை மதியம். பெரம்பலூரில் எங்கள் ஆபீஸ் அறையில் எலுமிச்சைச் சாதத்தைத் திறந்து வைத்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். வாசலில் செருப்புச் சத்தம். நிமிர்ந்தால் ஒன்பது பெண்கள். முன்னால் அந்த மாமியார்.

"இவருதான் வெங்காய சாரு" என்று பின்னால் ஒருவர் அடையாளம் காட்டினார். எனக்கு அங்கே அப்படி ஒரு பட்டம் ஏற்பட்டிருந்தது அப்போதுதான் தெரியும்.

"சாப்புடுங்க சாரு," என்றார் மாமியார். "நாங்க சண்டை போடத்தான் வந்தோம். பசியில இருக்கற ஆளுகிட்ட சண்டை போட்டா நல்லா இருக்காது. சாப்புட்டு முடிங்க, நிக்கிறோம்."

ஒன்பது பேர் நின்று பார்க்க எலுமிச்சைச் சாதம் எப்படி இறங்கும்? டப்பாவை மூடினேன்.

"எங்க டீச்சரு கள்ளக் கையெழுத்து போட்டுச்சுன்னு எழுதி அனுப்பினது நீங்கதானா?"

நான் ஆபீஸ் குரலை எடுத்துக்கொண்டேன். இது அலுவலக விஷயம், பதிவேட்டைப் பார்த்தால் யாருக்கும் புரியும் என்று சொல்லி, செல்போனில் இருந்த படத்தைத் திறந்து அவரிடம் நீட்டினேன். "நீங்களே பாருங்கம்மா. எல்லாம் ஒரே கை."

அவர் போனை வாங்கினார். இரண்டு விரலால் படத்தை நான் செய்வதைவிட லாகவமாகப் பெரிதாக்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். போன் ஒவ்வொரு கையாகப் போயிற்று. முகம் சுண்டிப்போகும் என்று நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். முகங்களெல்லாம் மலர்ந்துகொண்டு போயின.

"ஏ புள்ள, என்னுது நல்லா வந்துருக்கு பாரு."

"எங்க காட்டு. அட, டீச்சரு எழுத்தாட்டமே இருக்குதே. எப்படி எழுதின?"

"உன்னுது கோடு கொஞ்சம் ஏறிப்போச்சு. என்னுதப் பாரு."

நான் குற்றப்பத்திரிகையைக் காட்டினேன். அவர்கள் அதை மதிப்பெண் பட்டியலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குள் ஏதோ ஒன்று மெதுவாகக் கழன்று விழுந்தது.

"பேப்பர் எடுங்க சாரு," என்றார் மாமியார்.

எடுத்தேன். "பேனா?" கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுத வராது என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தன் பெயரை எழுதினார். வலது கையால்தான். ஆனால் எழுத்துகள் ஒவ்வொன்றாக இடது பக்கம் சாய்ந்துகொண்டே வந்தன. அடியில் ஒரு கோடு இழுத்தார். இரண்டு புள்ளி வைத்தார். பேனாவை அடுத்தவரிடம் கொடுத்தார்.

ஒன்பது பேரும் எழுதினார்கள். ஒருவர் பாதியில் நிறுத்தி, "இரு, ஒரு எழுத்து முழிக்குது" என்று அடித்துவிட்டு மறுபடி எழுதினார். ஒன்பதும் ஒரே அச்சு. பதிவேட்டில் இருந்த அதே அச்சு.

"அவ பீச்சாங்கைக்காரி சாரு," என்று மாமியார் மேலே பார்த்துச் சொன்னார். "அவ எழுதுனா அந்தப் பக்கம்தான் சாயும். எங்க கையப் புடிச்சுச் சொல்லிக் குடுத்ததும் அந்தக் கைதான். எங்களுக்கு எழுத்துன்னா அதான் எழுத்து. புஸ்தகத்துல எல்லாம் வெறச்சுக்கிட்டு நிக்குது, பாக்கவே நல்லா இல்ல."

"அந்த ரெண்டு புள்ளி எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"அது தெரியாதுங்க. டீச்சரு வெக்கும். நாங்களும் வெக்கிறோம்."

அப்புறம் அவர் சொன்னது என்னைத் தரைக்கே இறக்கிவிட்டது.

"டீச்சரு எழுத்து மாதிரியே வரணும்னுதான சாரு ராத்திரி சோறாக்கிப் போட்டுட்டு ஆளாளுக்கு எழுதி எழுதிப் பாத்தோம். இத்தன வயசுக்கு மேல விரலு வளையாமத் தவிச்சோம். வராமப் போயிருந்தா தப்பு. வந்தது தப்பா?"

கணக்கு வாத்தியார்கள் விடை தெரியாதபோது கரும்பலகையைத் துடைப்பார்கள். அங்கே கரும்பலகையும் இல்லை.

"வூட்ல நான் அவள ஆயிரம் பேசுவேன்," என்று அவர் தொடர்ந்தார். "கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னா பேசுவேன். கூடலன்னாலும் பேசுவேன். அது என் வூடு, என் மருமவ. நீங்க யாரு சாரு அவளத் திருடின்னு எழுதறதுக்கு? போன்ல அந்தச் சேதி வந்ததுலேருந்து வெளிய தல காட்டல. அவ அம்மா வூட்டுல வேற யாரோ சொல்லி, அங்கேருந்து போன் மேல போன். பொழுது சாஞ்சா பள்ளிக்கூடத்துப் பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கா. நான் திட்டினாக்கூட எதுத்துப் பேச மாட்டேங்குறா. எனக்கே பயமா இருக்குது."

"லாரி போற ரோட்டத் தாண்டி அந்தாண்ட போயி நாங்க படிக்க முடியுமா சாரு?" என்றார் இன்னொருவர். "போவலன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்களாம்."

கிளம்பும்போது மாமியார் என் மேசையிலிருந்த படிவம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது யாரு எழுதினது?" என்றார். நான்தான் என்றேன். மற்றவர்களுக்கும் காட்டினார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "கோழி கிண்டுன மாதிரி இருக்குது. எங்க டீச்சரு திரும்பி வந்தா ஒரு மாசம் வந்து உக்காருங்க சாரு, சரியாப் போயிரும்" என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். கேலி இல்லை, உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் உறைத்தது.

அவர்கள் போனபின் மேலே அனுப்ப ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று முறை எழுதினேன். முதல் கடிதத்தில் 'மறு ஆய்வு செய்ததில் சில புதிய விவரங்கள் தெரியவருகின்றன' என்று இருந்தது. இரண்டாவதில் 'பதிவேட்டின் தன்மை காரணமாக ஒரு புரிதல் குறைபாடு நேர்ந்துள்ளது'. படித்துப் பார்த்தால் தப்பெல்லாம் பதிவேடு செய்த மாதிரி இருந்தது. இவ்வளவு திறமை எனக்கு இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது. கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் இரண்டே வரி: 'கையொப்பங்கள் கற்போருடையவையே. நான் யாரையும் கேட்காமல் எழுதிவிட்டேன், தவறு என்னுடையது.' ஒன்பது கையெழுத்து உள்ள தாளை அதனுடன் இணைத்தேன்.

மேலதிகாரியிடம் போனில் சொன்னேன். "சார், நீங்களே எழுதி நீங்களே மாத்தறீங்க. விளக்கம் கேட்டு மெமோ வரும். உங்க ட்ரான்ஸ்பர் விண்ணப்பம் வேற இங்க இருக்கு" என்றார். அரியலூருக்கே திரும்பிப் போக நான் கொடுத்த விண்ணப்பம் அது. வீரமாக உடனே பதில் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், "அரை மணி நேரத்துல கூப்பிடுறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்தேன். டீ டம்ளரைக் கையில் பிடித்ததும் அந்த வராந்தாவில் குடித்த டீ ஞாபகம் வந்தது. திரும்பிப் போய் அவரைக் கூப்பிட்டு, "கடிதத்த மேல அனுப்பிடுங்க சார்" என்றேன்.

மெமோ வந்தது. என் விண்ணப்பம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. ஆனால் மையத்தைத் தொடரலாம் என்றும் பதில் வந்தது, அந்தப் பெண் மறுபடி நடத்தச் சம்மதித்தால். அந்தச் சம்மதத்தைக் கேட்க வேண்டியது யார் என்று சொல்லத் தேவையில்லை.

மறுநாள் மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். டீச்சர் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலி போட்டாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மன்னிப்பு உரையை ஆரம்பித்தேன். ஆசிரியப் பணி என்பது, என்று தொடங்கியதும் மாமியார் உள்ளேயிருந்து, "சாரு, பேச்சு மட்டும் வேணாம்" என்றார்.

டீச்சர் கேட்டாள், "நீங்க என்ன எழுதினீங்கன்னு நான் பாக்கலாமா சார்?"

பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். கிட்டே கொண்டுவந்தாள். ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுப்பவள், என் எழுத்தில் தோற்றுப்போனாள்.

"படிக்க முடியலைங்க சார். நீங்களே படிச்சுக் காட்டுங்க."

நான் வாங்கினேன். தனியாக மேசையில் உட்கார்ந்து எழுதும்போது நான்கு வரி என்பது ஐந்து நிமிட வேலை. யாரைப் பற்றி எழுதினோமோ அவர் முகத்துக்கு நேரே அதைச் சத்தமாகப் படிப்பது அப்படி அல்ல. கையொப்பங்கள் யாவும் ஒரே நபரால், என்று படித்தேன். அந்த ஒரே நபர் எதிரில் பாதி மடித்த துண்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வரியில், முத்து முத்தாக எழுதப்பட்டிருந்த அந்தச் சொல் வந்தது. எனக்கு வாய் வரவில்லை. தண்ணீர் குடித்தேன். அவள் காத்திருந்தாள். கடைசியில் எப்படியோ படித்து முடித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் மடியில் இருந்த துண்டின் மிச்சப் பாதியையும் மடித்தாள்.

"இதை அன்னிக்கே எங்கிட்ட படிச்சிருக்கலாமே சார்," என்றாள் அவள். "அரை மணி நேரம் எங்களோடதான உக்காந்திருந்தீங்க. கேட்டிருந்தா அவங்களையே எழுதச் சொல்லிக் காட்டியிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள்.

நான் மேலே அனுப்பிய கடிதத்தின் நகலை எடுத்து, கேட்காமலேயே படித்தேன். தவறு என்னுடையது என்று முடித்தபோது மாமியார் வாசலுக்கு வந்துவிட்டார். "கடைசி வரி சரியாக் காதுல விழல, இன்னொரு தடவ படிங்க" என்றார். படித்தேன். "இந்தக் காது கொஞ்சம் மந்தம்" என்று தலையைத் திருப்பி மறு காதைக் காட்டினார். அதற்கும் ஒருமுறை படித்தேன். அதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து இருவர் வந்து நிற்க, அவர்களுக்காக நான்காவது முறை. டீச்சர் துண்டால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று தெரிந்ததும், இன்னும் பத்து முறை வேண்டுமானாலும் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

"அந்த க்ரூப்லயும் போடுவீங்களா சார்?" என்று கேட்டாள். அங்கேயே, அவள் பார்க்க, என் பெயரைப் போட்டே போட்டேன். பேசும்போது சுற்றி வளைக்கிற எனக்கு அது மூன்றே வரியில் முடிந்தது.

"அத்தை, சாக்கெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவள் எழுந்தாள். "அஞ்சரைக்கு வகுப்புன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

"எனக்கு வேல இல்லியா? நீ போய்ச் சொல்லு," என்றார் மாமியார். சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே தெருவில் இறங்கி வீடு வீடாகக் குரல் கொடுத்துக்கொண்டு போனார்.

அந்த வருடம் அவர்கள் எல்லோரும் பரீட்சை எழுதினார்கள். விடைத்தாள்களை வாங்கிய வெளியூர் ஆசிரியர் ஒருவர், எல்லாம் ஒரே எழுத்தாக இருக்கிறதே என்று என்னைத் தனியே கூப்பிட்டுக் கிசுகிசுத்தார். "எங்கிட்ட ஏன் சார் கேக்குறீங்க, அவங்க இங்கதான இருக்காங்க" என்றேன். அவர் போய்க் கேட்டார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்தால், அவருக்கும் ஏதோ ஒரு பட்டம் கிடைத்திருக்கிறது என்று தெரிந்தது. மாமியார் மட்டும் அடுத்த தடவைதான் தேறினார். கேள்வித்தாள் தப்பு என்பது அவருடைய கட்சி. மருமகளும் அதை மறுத்துப் பேசியதாகத் தெரியவில்லை.

அந்த வேலையில் மிச்சம் இருந்த நாளெல்லாம், எந்த மையத்துக்குப் போனாலும், கடைசிக் கட்டத்தில் எழுதியதை அங்கேயே உட்கார்ந்து, சொல்லிக்கொடுப்பவருக்கும் படிப்பவர்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். எல்லா இடத்திலும் மறுத்துப் பேசினார்கள். ஒரு இடத்தில் மூன்று வரியை அடிக்க வைத்தார்கள். விளக்கு வெளிச்சம் போதாது என்று நான் எழுதாமல் விட்டதை எழுதச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு மூன்று மையம் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஒன்று பார்க்கவே பொழுது சரியாக இருந்தது. மையங்களின் தரம் உயர்ந்ததா என்று எனக்குத் தெரியாது, என் குறிப்புகளின் தரம் நிச்சயம் உயர்ந்தது.

இப்போது மறுபடியும் பள்ளிக்கூடத்தில் கணக்குத்தான் நடத்துகிறேன். ஆனால் ஒரு பிள்ளையைப் பற்றியோ, கூட வேலை பார்ப்பவரைப் பற்றியோ ஒரு வரி எழுத வேண்டி வந்தால், இதை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சத்தமாகப் படிக்க முடியுமா என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்று தோன்றினால், பேனாவை மூடி வைத்துவிட்டு, முதலில் எழுந்து போய் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்.